கடல் மரபியலில் வேலை தேடி வெளிநாடு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

கடல் பாதுகாப்புக்காக மரபணு ஆய்வு செய்ய வேண்டும் என்று இப்போதுதான் வெளிநாட்டில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) செய்யத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் எடுத்து வரும் மாதிரியை நம்பலாமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இ-டிஎன்ஏ, அதாவது உயிர்கள் நீரில் விட்டுச்செல்லும் டிஎன்ஏவை ஆராயும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு லிட்டர் கடல்நீரை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்தால், அதில் தங்கும் டிஎன்ஏவை வைத்து அந்தப் பக்கம் என்னென்ன மீன் திரிகிறது என்று கண்டுபிடிக்கலாம். படகு ஆடும், கை விறைக்கும். அப்போதும் இடத்துக்கு இடம் கையுறை மாற்றியே ஆக வேண்டும். சுத்தமான நீரையும் அதே கருவியில் வடித்து பிளாங்க், அதாவது வெளி டிஎன்ஏ கலந்துவிட்டதா என்று காட்டும் வெற்று மாதிரி, எடுக்க வேண்டும். அந்த பிளாங்கில் சூரை மீன் டிஎன்ஏ தென்பட்டால், அன்று எடுத்த சூரை முடிவு எதையும் நம்ப முடியாது. நேர்காணலில் இதையெல்லாம் கேட்காமலே நீங்கள் சொன்னால் மதிப்பு தனி.

அடுத்தது அனுமதி. பழைய ஆய்வகத்தில் மிச்சமிருந்த பவளத் துண்டுதானே என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள். மரபியல் ஆய்வாளர்கள் ஸ்காட் பேக்கரும் ஸ்டீபன் பலும்பியும் ஜப்பான் சந்தையில் விற்ற திமிங்கில இறைச்சியைச் சோதித்தபோது, இறைச்சியை வெளியே கொண்டுபோக வழியில்லாததால் பிசிஆர் கருவியை அங்கேயே எடுத்துப்போய் டிஎன்ஏவை நகலெடுத்தார்கள். பாதுகாக்கப்பட்ட இனங்களும் விற்பனையில் இருந்தது 1994இல் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சட்டத்துக்குள் நின்றே இவ்வளவு செய்ய முடியும் என்பதற்காகவே எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும்.

தரவை அலச ஆர் என்ற நிரல்மொழியும் லினக்ஸ் இயங்குதளமும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு, அதையே நம்பி உட்காராதீர்கள். மீன்வளத் துறைகள், அருங்காட்சியகங்கள், கடல் காற்றாலைகளுக்குச் சூழல் ஆய்வு செய்து தரும் நிறுவனங்கள், சுறாத் துடுப்பு எந்த இனத்துடையது என்று பார்க்கும் ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் தேடுங்கள்.

கப்பல் பயணம் கிடைத்தால் ஆசையில் உடனே தலையாட்டிவிடாதீர்கள். கடல் உயிர்காப்புப் பயிற்சியும் மருத்துவச் சான்றிதழும் பெரும்பாலும் கேட்பார்கள். பல நாடுகளில் நிரந்தர வசிப்புரிமைக்கு நாட்டுக்குள் இருந்த நாட்களை எண்ணுவார்கள். கடலில் கழிந்த வாரங்கள் அதில் சேருமா, வழியில் தொடும் துறைமுகங்களுக்கு விசா வேண்டுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே குடிவரவு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.