கரண்ட் கட்டணத்தைக் குறைப்பதா, ஆள் போடுவதா: எது முதலில்?

ஓசூர் லேத்: கேள்வி இதுதான். மின்வாரியத்திடம் கொஞ்சம் பணம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் யூனிட்டுக்குப் பத்துக் காசு குறைக்கட்டுமா, இல்லை, கம்பம் ஏற ஆள் போட்டு, பழைய கம்பியை மாற்றட்டுமா? என் ஓட்டு கட்டணக் குறைப்புக்கு. 2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு வருஷம் தொடாமல் விட்டுவிட்டு, 2022 செப்டம்பரில் ஒரே அடியாக ஏற்றினார்கள். சிறுதொழிலுக்கு நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு மாசம் 35 ரூபாய் இருந்தது, 75 ஆனது. 40 கிலோவாட் பட்டறைக்கு 1,400 கட்டிய இடத்தில் 3,000. ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நின்றாலும் இது உண்டு. சேவை நன்றாக இருந்து நான் என்ன செய்ய?

பென்னாகரம் தோட்டம்: எங்கள் பக்கம் வாங்க அண்ணே. விவசாயத்துக்கு 1990-லிருந்து கரண்ட் இலவசம். பூஜ்யத்தில் எதைக் குறைப்பீர்கள்? எங்களுக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை வோல்டில் வருகிறது என்பதுதான் கணக்கு. லோ வோல்டேஜில் மோட்டாரைப் போட்டால் ஆம்பியர் ஏறி காயில் புகைந்துவிடும். அப்புறம் கழற்றித் தூக்கிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்கு ஓட வேண்டும். இலவச கரண்டுக்கு நாங்கள் கட்டும் பில் அந்தக் கடையில்தான்.

ஓசூர் லேத்: அதைத்தான் நானும் சொல்கிறேன். உங்களுக்கு இலவசம், வீட்டுக்கு 100 யூனிட் இலவசம். பாரம் யார் தலையில்?

அத்திப்பள்ளி தாண்டி: எல்லையைத் தாண்டினால் கர்நாடகாவில் மாசம் 200 யூனிட் வரை இலவசம், 2023 ஆகஸ்டிலிருந்து. நம் ஆட்கள் இரண்டு மாசத்துக்கு 100 கொடுத்துவிட்டுப் பெருமை பேசுகிறார்கள். அங்கே 2025 ஏப்ரலில் வீட்டுக் கட்டணத்தை யூனிட்டுக்குப் பத்துக் காசு குறைக்கவும் செய்தார்கள். நம்மால் ஏன் முடியாது?

அரூர் டீச்சர்: தம்பி, அந்தப் பத்துக் காசின் முழுக் கதையையும் சொல்லுங்கள். 5.90 என்பது 5.80 ஆனது, உண்மை. அதே உத்தரவில் நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு 120-லிருந்து 145 ஆனது. 3 கிலோவாட் வாங்கியிருக்கும் வீடு மாசம் 300 யூனிட் எரித்தால் மிச்சம் 30 ரூபாய், கூடுதல் 75 ரூபாய். மின் ஊழியர் ஓய்வூதியத்துக்கென்று யூனிட்டுக்கு 36 காசு வேறு சேர்த்தார்கள். குறைத்தது தலைப்புச் செய்தி, ஏற்றியது பில்லின் கீழ்வரி. இங்கே வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணத்தை 2022-லேயே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்திப்பள்ளி தாண்டி: சரி மேடம். 200 யூனிட்டுக்குள் இருப்பவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? அவனுக்குப் பெரும்பாலும் பில்லே வராதே.

ஓய்வு வயர்மேன், தருமபுரி: ஒரு விஷயம். ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன் இருக்கும் நிறுவனத்திடம் போய்க் குறை, குறை என்றால், அது குறைக்கிற முதல் செலவு ஆள்தான். நிரந்தர ஆள் ஓய்வு பெற்றால் இடம் காலி. கேங்மேன் என்று எடுத்தார்கள், குழி வெட்டிக் கம்பம் நட. பல இடத்தில் அவர்களே லைன் வேலையும் பார்க்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் "போன் பண்ணி இரண்டு மணி நேரம் ஆச்சு, ஒருத்தனும் வரலை". கோடை மழைக் காற்றில் அஞ்செட்டிப் பக்கம் காட்டு லைனில் கிளை விழுந்தால் என்ன நடக்கும் தெரியுமா? முதலில் சப் ஸ்டேஷனுக்குப் பேசி, லைனை நிறுத்தி வேலை பார்க்க எல்.சி. என்ற அனுமதியை வாங்க வேண்டும். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்ட வேண்டும். அப்புறம் டார்ச் அடித்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடை. எந்த இன்சுலேட்டர் வெடித்தது, எங்கே கம்பிகளை இணைக்கும் ஜம்பர் போனது என்று அண்ணாந்து பார்க்கும்போதே யானை நிற்கிறதா என்று பக்கத்திலும் பார்க்கணும். இதை இரண்டு பேர் செய்வதற்கும் ஐந்து பேர் செய்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

பென்னாகரம் தோட்டம்: ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு.

ஓசூர் லேத்: ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆள் போட்டால் வேலை நடக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சேவை என்றால் மின்னகம் என்ற புகார் மையத்தின் போன் நம்பர், ஆப் என்று காட்டுவார்கள். 2021-ல் மின்னகம் வந்ததும் போனை எடுக்க ஆள் வந்தது. போனை எடுப்பவர் கம்பம் ஏற மாட்டாரே. கட்டணக் குறைப்பு என்றால் பில்லில் நம்பராகத் தெரியும், யாரும் ஏமாற்ற முடியாது.

அரூர் டீச்சர்: தெரியும் என்கிறீர்களே, அந்த பில்லையே எடுத்துக்கொள்வோம். சேவையும் கட்டணமும் ஒன்றையொன்று தொடாத இரண்டு விஷயம் என்று எல்லாரும் பேசுகிறீர்கள், எனக்கு அது ஒப்பவில்லை. 2022 விகிதத்தில் போடுகிறேன், அதற்குப் பிறகு ஏறியதுதான். இரண்டு மாசத்தில் 500 யூனிட் என்றால்: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. இப்போது 510 ஆகட்டும். 500-ஐத் தாண்டியதும் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50. கடைசிப் பத்துக்கு 8 ரூபாய். மொத்தம் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்!

ரீடிங் எடுப்பவர் 60-ஆம் நாள் வந்தால் 470 காட்டியிருக்கும் மீட்டர், அவர் 65-ஆம் நாள் வந்தால் 510 காட்டும். விகிதம் ஏறவில்லை, நாம் கூடுதலாக ஒரு பல்பு போடவில்லை, ஆள் பற்றாக்குறைதான் பில்லாக வருகிறது. பத்துக் காசு குறைத்தால் இந்த வீட்டுக்கு 40 ரூபாய் மிஞ்சும். ரீடிங் தேதியைக் காப்பாற்றினாலே அதைவிட அதிகம் மிஞ்சும்.

அத்திப்பள்ளி தாண்டி: அதுக்குத்தானே மாசா மாசம் ரீடிங் கேட்கிறோம்? 2021 தேர்தலில் வாக்குறுதியே கொடுத்தார்களே.

அரூர் டீச்சர்: மாசாமாசம் எடுத்தால் ஸ்லாபையும், அதாவது விகிதம் மாறும் யூனிட் படிகளையும், பாதியாக்குவார்கள், இலவசம் 50 ஆகும். ஒரு மாசம் ஊருக்குப் போய் 20 யூனிட், அடுத்த மாசம் 80 என்றால் இன்றைக்கு பில் இல்லை. மாசக் கணக்கில் 30 யூனிட்டுக்குக் காசு கட்டணும். எனக்கு மாசமும் வேண்டாம், தள்ளிப்போவதும் வேண்டாம், அறுபதாவது நாள் வந்தால் போதும். தள்ளிப்போனால் ஸ்லாபையும் நாள் கணக்கில் நீட்டிக் கொடுக்கட்டும்.

ஓய்வு வயர்மேன், தருமபுரி: இதைக் கேட்க இடம் இருக்கிறது டீச்சர். மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மாசாந்திரக் குறைதீர்ப்புக் கூட்டத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். சேவை தாமதமானால் இழப்பீடு உண்டு என்று ஒழுங்குமுறை ஆணையம் 2004-லேயே விதி போட்டிருக்கிறது. கேட்பவர்தான் குறைவு.

பென்னாகரம் தோட்டம்: புது இணைப்புக்கும் கெடு இருக்கிறது ஐயா. மத்திய அரசு 2024-ல் திருத்திய விதிப்படி கிராமத்துக்கு 15 நாள், மலைக் கிராமத்துக்கு 30 நாள். விவசாய இணைப்புக்கு மட்டும் வரிசை வருஷக்கணக்கில் போகிறது.

ஓசூர் லேத்: வீட்டுக்காரர்களுக்கு டீச்சர் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். பட்டறைக்கு ஸ்லாபும் இல்லை, இலவசமும் இல்லை. எனக்கு ரீடிங் எந்தத் தேதியில் எடுத்தாலும் நிலைக் கட்டணம் அப்படியே நிற்கும். ஆளைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சம்பளத்துக்கு மறுபடியும் நிலைக் கட்டணத்தில் கை வைத்தால் அன்றைக்கு இதே இடத்தில் வந்து கத்துவேன்.

ஓய்வு வயர்மேன், தருமபுரி: கத்துங்க. கூட்டத்துக்கும் வாங்க, டீச்சர் மனுவோடு உங்கள் மனுவையும் சேர்த்தே கொடுப்போம்.