அடுத்த வேலைத்திட்டத்தைத் தெரிவு செய்வது பற்றி

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று ஒன்றுகூடலுக்கென வந்துசேர்ந்த பதினொரு யோசனைகளையும் வாசித்தேன். கூடுதலாகப் பணம் தருபவர் சொல்வதை ஏற்றுக்கொள்வதே இதுவரை எமது வழக்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்திற்கு நாம் அனுப்பிய கணினிகள் திருத்துவதற்கு ஆளின்றிச் சீலையால் மூடப்பட்டுக் கிடந்ததைச் சென்ற முறை ஊருக்குப் போனபோது கண்டேன். ஊரைக் கேட்காமலே அனுப்பிய நாம்தான் அதற்குப் பொறுப்பு.

பெரிய நிறுவனங்களும் இவ்வாறு சறுக்கியிருக்கின்றன. சிறுவர்கள் ராட்டினத்தில் சுற்றி விளையாட, அந்த விசையால் நிலத்தடி நீர் மேலேறும் 'பிளேபம்ப்' என்ற பொறிக்கு 2006இல் கொடைகள் குவிந்தன. ஆபிரிக்காவில் 2010க்குள் 4000 பொறிகளை நிறுவுவது இலக்கு. சொல்லப்பட்ட அளவு மக்களுக்கு நீர் கிடைப்பதானால் சிறுவர்கள் நாளொன்றுக்கு 27 மணித்தியாலம் சுற்றவேண்டும் என்று பின்னர் ஒரு பிரித்தானிய நாளேடு கணக்கிட்டது. உண்மையில் பல இடங்களில் அதைக் கையால் சுற்றியவர்கள் பெண்களே.

ஆகவே எல்லா யோசனைகளிடமும் முதலில் ஒரே கேள்விகளைக் கேட்போம்: எத்தனை பேருக்குப் பயன், ஆளுக்கு என்ன செலவு, ஐந்து வருடத்தின் பின் பராமரிப்பது யார், அரசு அதை ஏற்கெனவே செய்கிறதா. ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம் போதும். எஞ்சும் இரண்டு மூன்றை மட்டும் ஆழமாக ஆராயலாம். முன்மொழிந்தவர் தன் யோசனைக்குப் புள்ளி போடக்கூடாது (இது எனக்கும் சேர்த்துத்தான்).

நான் முன்மொழிந்த ஆர்ஓ குடிநீர்த் திட்டத்தையே (நீரை நுண்ணிய சவ்வினூடாக அழுத்திச் சுத்திகரிக்கும் இயந்திரம்) எடுத்துப் பாருங்கள். எமது நிலம் சுண்ணாம்புக்கல்லாதலால் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்று என்ற, நீரில் கரையும் உப்பாகக் கிணற்றில் இறங்குகின்றன. கொதிக்க வைத்தாலும் அது போகாது. தேவை இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்தச் சவ்வை மாற்றும் செலவும் மின்கட்டணமும் யாருடையவை? இயந்திரம் கழித்துவிடும் செறிந்த நீரை அதே நிலத்தில் விட்டால் அது மீண்டும் யாருடைய கிணற்றுக்குப் போகும்? இவற்றுக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை.

இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் கிணற்று நீரைப் பரிசோதிப்பது சிறு செலவு. மாரிக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, பெரும்பாலான கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் எனது யோசனையை நானே மீளப்பெறுகிறேன். மாதிரி எடுக்க ஊரில் இருப்பவர்களில் இருவர் தேவை. முன்வருபவர்கள் இம்மடலுக்கே பதில் எழுதுங்கள்.