டம்மி டக் செய்து எட்டு மாதம்: ரிவிஷன் பண்ணலாமா, விட்டுவிடலாமா?

நிலாமுற்றம்:
இரண்டு சிசேரியனுக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றுக்காக எட்டு மாதத்துக்கு முன்னால் டம்மி டக் செய்துகொண்டேன். அதிகப்படி தோலை எடுத்துவிட்டு, விலகியிருந்த வயிற்றுத் தசையையும் சேர்த்துத் தைத்தார்கள். முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ தேவலை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தழும்பின் இரண்டு முனையிலும், இடுப்பெலும்புப் பக்கம், சதை புடைத்துக்கொண்டு நிற்கிறது, வலது பக்கம் கூடுதல். பேன்ட் போட்டால் பட்டை சரியாக அதன் மேல்தான் உட்காருகிறது. தழும்பும் ஒரு பக்கம் மேலே ஏறியிருக்கிறது, இன்னும் சிவப்பு போகவில்லை. தொப்புளுக்கு மேலே காலையில் தட்டையாக இருக்கும், சாயங்காலம் ஆனால் ஊதிக்கொள்கிறது.

ரிவிஷன், அதாவது இந்தக் குறைகளைச் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன் பற்றிக் கேட்டால், டாக்டர் "பண்ணிக்கலாம், அவசரமில்லை" என்கிறார். கணவருக்கோ மறுபடி ஆஸ்பத்திரி என்றாலே பயம். செய்துகொண்டவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள், இரண்டு பேருமே சொல்லுங்கள்.

பச்சைக்கிளி:
முனையில் புடைக்கிறதே, அதற்கு டாக் இயர் என்று பெயர். மேல் பக்கத் துணி நீளமாகவும் கீழ்ப் பக்கம் குட்டையாகவும் வைத்துத் தைத்தால் ஓரத்தில் சுருக்கம் தள்ளுமே, அதேதான். எனக்கும் இருந்தது, ஒரு வருஷம் கழிந்த பிறகு எடுத்தேன். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், மயக்கம் கொடுக்கவில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் ஆபரேஷன் மாதிரி கூன்போட்டு நடப்பது, நீர் வடிக்கும் ட்ரெய்ன் குழாயைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் போவது என்று எதுவும் கிடையாது. எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ஒன்று, தழும்பு இரண்டு பக்கமும் இன்னும் நீண்டுவிட்டது, அந்தச் சதையை எடுக்க வேறு வழியே இல்லையாம்.

வார்டுபக்கம்:
பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சகோதரி, நீங்கள் சொன்ன நாலும் நாலு வேறு விஷயம், எல்லாவற்றையும் "ரிவிஷன்" என்ற ஒரே மூட்டையில் கட்டினால் முடிவெடுக்க முடியாது.

சாயங்கால வீக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தோலைத் தூக்கித் தைக்கும்போது நிணநீர்க் குழாய்கள் அறுபடும், அவை மறுபடி வழி பிடிக்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட இழுக்கும். காலையில் தட்டையாக இருப்பதே நல்ல செய்தி. சிவப்பும் அப்படித்தான், தழும்பு முற்றி வெளிற 12 முதல் 18 மாதம் வரை ஆகும், அதுவரை சிலிக்கான் ஷீட் ஒட்டலாம். தடித்து, அரித்து, வெட்டிய கோட்டைத் தாண்டிப் படர்ந்தால் மட்டும் கெலாய்டா என்று காட்டுங்கள், அதை வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வளர்ந்துவிடும், பெரும்பாலும் ஸ்டெராய்டு ஊசியில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகும் மேல்வயிறு தள்ளினால் மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் மேடு எழும்பினால் தசைத் தையல் தளர்ந்திருக்கலாம், ஸ்கேன் எடுத்தால் தெரியும். மேடு இல்லாமல் பொதுவாக வயிறு முன்னால் தள்ளினால் அது குடலைச் சுற்றியிருக்கும் உள்கொழுப்பாக இருக்கலாம், அதை லைப்போசக்ஷனும் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) எடுக்காது, ரிவிஷனும் எடுக்காது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோவதைப் பார்க்கிறேன். எங்காவது தண்ணீர் அசைவது போல் தளும்பினால் மட்டும் காத்திருக்க வேண்டாம், சீரோமாவாக (தோலுக்கடியில் நீர் தேங்குவது) இருக்கலாம், நாள்பட்டால் சுற்றி உறை கட்டிக்கொள்ளும்.

தழும்பு ஏறியிருப்பதுதான் சிக்கலானது. ஏறிய பக்கத்தைக் கீழே இறக்க வேண்டுமானால் மேலே தொய்வான தோல் மிச்சம் இருக்க வேண்டும். இறுக்கமாக இருக்கும்போதே இழுத்துத் தைத்தால் தழும்பு அகன்றுதான் போகும்.

வேப்பநிழல்:
நான் செய்யாமல் விட்டவள். எனக்கும் ஒரு பக்கம் ஏற்றம்தான். மறுபடி முழு மயக்கம், காலில் ரத்தம் உறைந்துவிடும் பயம், பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று இன்னொரு சுற்று, இதையெல்லாம் ஒரு விரல்கடை ஏற்றத்துக்காகச் சகிக்க எனக்கு மனசில்லை. உள்ளாடைக்குள் மறைகிறது, போதும். ஆனால் உங்களுடையது உடுப்பில் உரசுகிறது என்கிறீர்கள், அது கண்ணாடிப் பிரச்சினை இல்லை, அன்றாடத் தொல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் முனையை மட்டும் எடுத்திருப்பேன்.

இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எடையும் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

நிலாமுற்றம்:
நன்றி எல்லாருக்கும். குழந்தை எண்ணம் இல்லை. தழும்பு நீளும் என்பது எனக்குப் புதுச் செய்தி, டாக்டர் அதைச் சொல்லவே இல்லை. ஒரு வருஷம் ஆகட்டும், முனையை மட்டும் பார்க்கலாம், ஏற்றத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அதே டாக்டரிடம் போவதா, வேறு ஆளிடமா?

வார்டுபக்கம்:
முனை மட்டும் என்றால் அதே டாக்டர் போதும், உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். பேச்சு ஒத்துப்போகவில்லை என்றால் ஆபரேஷன் நோட்ஸையும் பழைய போட்டோக்களையும் வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள், கேட்கத் தயங்காதீர்கள். ரிவிஷனுக்குச் சிலர் தங்கள் கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் தியேட்டர் செலவும் மயக்க மருந்து டாக்டர் கட்டணமும் தனியாக வரலாம், அதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். புகைப் பழக்கம் இருந்தால் சில வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், நிகோடின் தையல் ஆறவே விடாது.

அப்புறம், தழும்பு எதுவரை நீளும் என்று வாயால் கேட்காதீர்கள். வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு நின்றுகொண்டு, தோலிலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படுக்கவைத்துப் போட்டால் சரியாக வராது.