பெண்பிள்ளைகளுக்கு ரத்தம் ஏன் ஏறவில்லை? குமரி மாவட்டப் பள்ளிகளில் பார்த்தவை

பள்ளி ஆசிரியை, விளவங்கோடு
ரத்தசோகையைத் தடுக்கப் பள்ளியில் வாராவாரம் கொடுக்கிற நீல மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கு. அது பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் டிக் விழும். மாத்திரை ஜன்னலுக்கு வெளியே விழும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், ஒருத்தி வாந்தி எடுத்தால் வகுப்பே மறுக்கும். காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்போடு முடிகிறது. பெரிய பிள்ளைகள் பஸ் பிடிக்கிற அவசரத்தில் கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத டீ) வந்துவிடுவார்கள். ஆகவே முதல் பீரியடில் கொடுக்கவே வேண்டாம். மதியம் சாப்பிட்டு முடித்ததும், நிறையத் தண்ணீரோடு, கண் முன்னால் விழுங்க வையுங்க. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குச் சத்துணவு இல்லை. சாப்பாட்டு டப்பா காலியானதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கணும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் வீட்டில் பயந்து நிறுத்தமாட்டார்கள்.

லேப் டெக்னீஷியன், தக்கலை
டீச்சர், முகாமில் எழுதித் தருகிற எச்பி (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) எண்ணையும் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்க. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் இறங்கிவிடும். கை குளிர்ந்திருந்தால் உரசிச் சூடாக்கணும். ஸ்பிரிட் முழுசாகக் காயணும். நடுவிரல் அல்லது மோதிரவிரலில், நுனியின் நடுவே குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்தி, முதல் இரண்டு துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்கணும். கியூவெட்டில் (ரத்தத்துளியை எடுக்கிற சின்னத் தகடு) காற்றுக்குமிழி தெரிந்தால் தூக்கிப் போடுங்க, அதையே மறுபடி நிரப்பாதீங்க. இன்னும் சாலி முறை (ரத்தத்தை அமிலத்தில் கலந்து நிறத்தை ஒப்பிட்டு அளப்பது) வைத்திருக்கிற இடங்களில், அமிலத்தில் 10 நிமிடம் காத்திருக்காமல் நிறம் பார்த்தால் குறைவாகத்தான் வரும்.

12 வயதுக்கு மேல் எச்பி, 100 மி.லி. ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 11 முதல் 11.9 லேசானது, 8 முதல் 10.9 நடுத்தரம், 8-க்குக் கீழே கடுமை. 5 முதல் 11 வயது வரை எல்லை 11.5.

கிராம சுகாதார செவிலியர், குலசேகரம் பக்கம்
மலையோரத்தில் கொக்கிப்புழுவை மறக்கக்கூடாது. ஈரமும் நிழலும் உள்ள ரப்பர் தோட்ட மண் அதற்குத் தோதான இடம். செருப்பில்லாமல் நடந்தால் குஞ்சுப்புழு பாதத்தோலைத் துளைத்து உள்ளே போகும், பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். புழு மாத்திரையான அல்பெண்டசோல் 400 மி.கி., ஆண்டுக்கு இரண்டு தடவை, மென்று தின்ன வையுங்க. புழு உள்ளே இருக்கும்போது இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அடுத்தது மாதவிலக்கு. ஒரு மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய அரை மி.கி. இரும்பு போகும், 40 மி.லி. போனால் 20 மி.கி. 80-க்கு மேல் போனால் அதிகம். யாரும் அளந்து பார்ப்பதில்லை, அதனால் கேட்கிற விதம் முக்கியம். “அதிகமா போகுதா?” என்றால் எல்லாப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கா, ஏழு நாளைத் தாண்டுதா, பெரிய கட்டியாகப் போகுதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்க. வயசுக்கு வந்த நாளிலிருந்தே இப்படி என்றால் ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்பணும். பச்சரிசி, சாக்பீஸ், சிலேட்டுக்குச்சி தின்கிற பிள்ளைகளைத் திட்டாதீங்க, அது இரும்புக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம், முதலில் எச்பி பாருங்க.

பள்ளி ஆசிரியை, விளவங்கோடு
அக்கா, தூத்தூர், குளச்சல் கடற்கரைப் பிள்ளைகள் தினமும் மீன் தின்கிறவர்கள்தானே? அங்கேயும் குறைவாக இருக்கே.

உணவியல் நிபுணர், நாகர்கோவில்
வீட்டில் மீன் இருப்பதும் பிள்ளையின் தட்டில் துண்டு விழுவதும் வேறு வேறு. மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியின் சாறும் மட்டும் கிடைத்தால் இரும்பு இல்லை. கிழங்கில் 100 கிராமுக்கு 1 மி.கி. கூடக் கிடையாது. துண்டுமீன்தான் தானும் நன்றாகச் சேர்ந்து, கூட இருக்கிற பயறு, கீரையின் இரும்பையும் சேர்த்து இழுக்கும். குளச்சல் பக்கம் ஜூன், ஜூலையில் விசைப்படகுத் தடைக்காலம் வந்து மீன் விலை ஏறினால் கஞ்சியும் சிறுபயறும்தான் வழி. பயறை முளைகட்டி, எலுமிச்சை பிழிந்தோ கொய்யா, நெல்லிக்காயோடோ கொடுங்க.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 கணக்குப்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 30 மி.கி. இரும்பு தேவை. முருங்கைக்கீரை 100 கிராமில் சுமார் 4.5 மி.கி.தான், அதிலும் உடம்பு ஏற்பது சிறு பங்கு. மாதுளை, பீட்ரூட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க, சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா வேண்டாம். பாலும் அப்படித்தான்.

மருத்துவர், அரசு மருத்துவமனை
எச்பி 8 முதல் 11.9 வரை இருந்தால் வார மாத்திரை போதாது. சாப்பிட்ட பிறகு தினமும் இரண்டு மாத்திரை, மூன்று மாதம், மருத்துவர் சொல்படி. ஒரு மாதத்தில் 1 கிராம் ஏறணும். 8-க்குக் கீழே என்றால் காத்திருக்காமல் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்க. எண் 12 ஆனதும் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் மாதங்கள் ஆகும்.

ஒழுங்காக விழுங்கியும் ஏறாவிட்டால் முழு ரத்தப் பரிசோதனையில் எம்சிவியை (சிவப்பணுவின் சராசரி அளவு) மில்லியனில் உள்ள சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்க. 13-க்குக் குறைந்தால் தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) இருக்கலாம்; அதைக் கண்டறிய எச்பி ஏ2 பரிசோதனை எடுக்கணும். இரும்புக் குறைபாடு இருக்கும்போதே எடுத்தால் ஏ2 குறைத்துக் காட்டும், அதனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கணும்.