டெட்ராய்ட்டுக்கு வருகிறவர்களுக்கு: எயிட் மைல் ரோட்டைத் தாண்டியும் ஒரு முறை போய் வாருங்கள்

கார் கம்பெனி வேலைக்கு இந்தப் பக்கம் வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணா, டெட்ராய்ட் சேஃபான ஊரா?" என்பதுதான். 2011இல் வந்து இறங்கியபோது நானும் அதைத்தான் கேட்டேன். "எயிட் மைல் ரோட்டுக்குத் தெற்கே போகாதே" என்றார் ஆபீஸில் ஒருவர். நான்கு வருஷம் போகவே இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் கேட்டால் டெட்ராய்ட் என்று சொல்வோம், ஆனால் நம்மவர்கள் வீடு எடுப்பது நோவை, டிராய், கான்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் போன்ற இடங்களில். இவை ஒவ்வொன்றும் தனி நிர்வாகம், தனி வரி, பள்ளிக்கூடமும் தனி. டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லைதான் எயிட் மைல் ரோடு. 1950இல் அந்த நகரத்தில் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சம்தான். எல்லாம் 1967இல் நகரத்தில் நடந்த இனக் கலவரத்தால் வந்தது என்று பலரும் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். ஐம்பதுகளிலேயே தொழிற்சாலைகள் வெளியே போக ஆரம்பித்துவிட்டன, அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த வீட்டுக் கடன் வெள்ளைக்காரர்களுக்குக் கிடைத்தது, கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டது, கடன் கிடைத்தவர்கள் புறநகருக்குப் போனார்கள், அவர்களோடு வரிப்பணமும் போனது. 2013இல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு நகரம் திவால் மனு கொடுத்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

எயிட் மைலுக்குச் சற்றுத் தெற்கே பர்வுட் தெருவை ஒட்டி ஒரு சுவர் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியைப் பிரித்துக் காட்டினால்தான் பக்கத்து மனைகளுக்குக் கடன் உத்தரவாதம் கிடைக்கும் என்பதற்காக 1941இல் ஒரு பில்டர் கட்டியது. இப்போது அதன் ஒரு பகுதியில் வண்ண வண்ணமாக ஓவியம் வரைந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுகிற இடம். என் மகள் அந்தச் சுவரில் கை வைத்து "இது எதுக்குப்பா?" என்று கேட்டாள், பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சரி, அரசியல். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலம் எந்தக் கட்சி ஊர் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. 2016இல் டிரம்ப் இங்கே ஜெயித்தது வெறும் 10,704 ஓட்டில். நகரம் பெரும்பாலும் டெமாக்ரட். நகரத்துக்கு வடகிழக்கே புறநகர்ப் பகுதியான மெக்கோம் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) யூனியன் தொழிலாளர்கள் அதிகம், எண்பதுகளில் ரீகனுக்குப் போட்டார்கள், ஒபாமாவுக்கு இரண்டு முறை, அப்புறம் டிரம்புக்கு மூன்று முறை. நோவை, டிராய் எல்லாம் இருக்கும் ஓக்லண்ட் கவுண்டி ஒரு காலத்தில் ரிபப்ளிகன் கோட்டை, இப்போது டெமாக்ரட் பக்கம்.

நமக்கு ஓட்டு இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். என் அம்மா அப்பா வந்து ஆறு மாதம் இருந்தார்கள், அப்போது நோவையில் பஸ் கிடையாது, நான் ஆபீஸ் போனால் இருவரும் வீட்டுக்குள்தான். புறநகர் பஸ் சேவையில் சேர வேண்டாம் என்று அந்தந்த ஊரே விலகிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது, நோவை அப்படி விலகி நின்ற ஊர். 2016இல் வட்டாரம் முழுக்கப் பஸ் விடுவதற்கான வரி ஓட்டுக்கு வந்தது, நகரம் இருக்கும் வெய்ன் கவுண்டி ஆதரித்தது, மெக்கோம் பலமாக எதிர்த்தது, கடைசியில் அந்த வரித் திட்டம் தோற்றுப்போனது. 2022இல் ஓக்லண்ட் தனியாக ஓட்டுப் போட்டு அந்த விலகலை முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் பஸ் வந்தது. வீட்டில் லைசென்ஸ் இல்லாதவர்கள் இருந்தால் முதலில் பஸ் ரூட்டைப் பாருங்கள், அப்புறம் அபார்ட்மென்ட்டைப் பாருங்கள்.

நகரம் மீண்டு வருகிறது என்பது உண்மை. 1988இல் கடைசி ரயில் போய்ப் பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷனை 2018இல் ஃபோர்டு வாங்கி, 2024 ஜூனில் திறந்தார்கள். 2023 மதிப்பீட்டில் மக்கள்தொகை 1957க்குப் பிறகு முதல் முறையாகக் கூடியது. ஆனால் டவுன்டவுனிலிருந்து பத்து நிமிஷம் ஓட்டினால் ஒரு தெருவில் நாலு வீடு, மீதி புல்வெளி. அதனால் வீடு பார்க்கிறவர்கள் தெருத் தெருவாகப் பாருங்கள், பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை.

செலவு விஷயம் இரண்டு. டெட்ராய்ட்டில் குடியிருந்தால் நகர வருமான வரி 2.4 சதவீதம், வெளியே இருந்து அங்கே வேலைக்குப் போனால் 1.2. வீடு வாங்கும்போது பழைய உரிமையாளர் கட்டிய சொத்து வரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வரி போடும் மதிப்பு வருஷா வருஷம் அதிகம் ஏறாமல் ஓர் உச்சவரம்பு பிடித்து வைத்திருக்கும், வீடு கைமாறிய அடுத்த வருஷமே அது நீங்கி வரி எகிறும், சில வீட்டுக்கு இரண்டு மடங்கு கூட. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அந்த ஊர் அசெஸர் ஆபீஸுக்குப் போன் போட்டுப் புது வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள்.