மலையில் ஓட்டும் சைக்கிளில் பின் ஷாக் (அதிர்ச்சி தாங்கி) மாற்றியவர்கள் வந்து சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். என் கூத்தைக் கேட்டால் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போகும்.

நான் ஓட்டுவது கனடாவின் வடக்கு வான்கூவரில், ஃப்ரோம் மலையில். கல் ரோட்டில் மூச்சு வாங்க மிதித்து மேலே போய், செவன்த் சீக்ரெட் என்ற பாதை வழியாக இறங்குவோம். மழைக்காடு. பாதையின் குறுக்கே வேர்கள் நரம்பு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும், அதுவும் எப்போதும் ஈரமாக. என் சைக்கிளில் பின்சக்கரம் 130 மி.மீ. மேலேறும். கூடவே வந்த ஷாக், தனி எண்ணெய்க் குப்பி இல்லாத சின்ன ஏர் ஷாக், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது. மேலே முதல் ஐந்து நிமிஷம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாதி தூரம் இறங்கியதும் பின்பக்கம் கழுதை மாதிரி உதைக்க ஆரம்பிக்கும். நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் டீ கிளாஸ் சூடு. உள்ளே இருப்பது கொஞ்சம் எண்ணெய்தான். அது சூடேறி நீர்த்துவிட்டால், அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தைப் பிடித்து வைக்க ஆள் இல்லை.

சரி, குப்பி வைத்த பெரிய ஷாக்காக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பழையது ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அதில் 210 x 55 என்று போட்டிருந்தது. என்னுடையது 210 x 50. முதல் எண், ஷாக்கை ஃப்ரேமில் மாட்டும் இரண்டு முனைக் கண்களுக்கும் நடுவே உள்ள நீளம். அடுத்தது ஷாக் எவ்வளவு அமுங்கும் என்பது. நீளம் ஒன்றுதானே, 5 மி.மீ. கூடுதலாக அமுங்கினால் நமக்கு லாபம்தானே என்று நினைத்தேன். 50 மி.மீ. அமுங்கினால் சக்கரம் 130 மி.மீ. ஏறுகிறது, அதாவது ஒன்றுக்கு 2.6. அப்படியானால் அந்த 5 மி.மீ.க்குச் சக்கரம் இன்னும் 13 மி.மீ. மேலே வரும். அந்த 13 மி.மீ.க்கு ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் இறக்கம் சொர்க்கம். கீழே வந்தும் ஷாக் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை ஒரு சின்னக் குதிப்பில் இறங்கும்போது காலுக்குக் கீழே 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம். கிளை ஏதாவது சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் கழுவும்போதுதான் பார்த்தேன்: சீட் குழாயின் பின்புறம் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயின்ட் மங்கி, மேலே கறுப்பு ரப்பர் தேய்ந்திருந்தது.

முன்னாடியே செய்திருக்க வேண்டியதை அன்று ராத்திரி செய்தேன். ஷாக்கில் இருந்த காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சீட்டில் வயிற்றை அழுத்திக்கொண்டு மெதுவாகக் கடைசிவரை அமுக்கினேன். ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அது முனைக்குப் போவதற்கு முன்பே 2.4 அங்குல டயர் குழாயைத் தொட்டுவிட்டது. பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் யாரும் மலைக்குப் போகாதீர்கள்.

நல்லவேளை, இந்த மாடலில் 50க்கும் 55க்கும் உடம்பு ஒன்றுதான், அமுங்கும் தூரத்தைக் குறைக்க உள்ளே வைக்கும் ஒரு சின்ன ஸ்பேசர்தான் வித்தியாசம். சர்வீஸ் செய்கிறவரிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். பழையது வாங்கி மிச்சம் பிடித்த காசு அங்கே போனது.

காற்று அடிப்பதிலும் ஒரு பாடம். பையும் ஹெல்மெட்டும் சேர்த்து என் எடை 82 கிலோ, 180 பவுண்டு. முதலில் அதே எண்ணுக்கு 180 பி.எஸ்.ஐ. வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஒரே மூச்சில் 180 அடித்தேன். நாலு தடவை அமுக்கிவிட்டு மறுபடி பம்ப்பை மாட்டினால் 150தான் காட்டியது. கசிகிறது என்று அலறிவிட்டேன். கசிவும் இல்லை ஒன்றும் இல்லை. உள்ளே எதிர்ப்பக்கம் இன்னொரு சின்ன அறை இருக்கிறது, அமுக்கினால்தான் காற்று அங்கே போகும். பம்ப் குழாயும் கொஞ்சம் காற்றைக் குடிக்கும். ஐம்பது ஐம்பதாக அடித்து, ஒவ்வொரு தடவையும் பத்துமுறை மெதுவாக அமுக்கிக்கொண்டே போனால் இந்தக் குழப்பம் வராது. சாதாரணமாக ஏறி நின்றால் 15 மி.மீ. அமுங்க வேண்டும், அதாவது 50இல் 30 சதவீதம். எனக்கு அது 165இல் வந்தது.

• • •

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அண்ணே, நான் ஷாக் மாற்றவில்லை. மாற்றப் போய் மாற்றாமல் வந்த கதை இது.

எங்கள் புக்கிட் தீமா மலையின் உயரமே 163 மீட்டர்தான். உங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பீர்கள். கொஞ்சம் பெரிதாக ஓட்ட வேண்டும் என்றால் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு புலாவ் உபின் தீவுக்குப் போய் கெத்தாம் பாதையில் ஓட்ட வேண்டும். இரண்டு வருஷத்தில் என் ஷாக் மரக்கட்டை ஆகிவிட்டது. புது ஷாக்கின் விலையைப் பார்த்துவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன்.

கடையில் இருந்த பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கடைசியா எப்ப திறந்தே?" திறக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்று உறையைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விடச் சொல்லும் ஷாக் என்னுடையது. நான் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டியிருந்தேன். அவர் முதலில் காற்றை முழுக்க இறக்கினார், பிறகு உறையைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்து வழிந்தது காப்பிக் கசண்டு மாதிரி இருந்தது. சீல்களில் ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது. புது சீல் செட், இரண்டு சொட்டு எண்ணெய், அரை மணி நேரம். இன்றுவரை அதே ஷாக்தான். பாதிப் பேர் ஷாக் மாற்றியதும் 'அடடா' என்பது புதுச் சீலுக்குத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

• • •

நான் ஸ்காட்லாந்து. வேலை எடின்பரோவில், ஞாயிறு ஆனால் இன்னர்லீதன் சேற்றில். ஏர் ஷாக்கை எடுத்துவிட்டு ஸ்பிரிங் போட்டேன், அரைக் கிலோ எடை கூடினாலும் பரவாயில்லை என்று.

வேர்களில் அந்தப் பிடிப்பு இருக்கிறதே, அதை ஏர் ஷாக்கில் நான் பார்த்ததில்லை. சக்கரம் தரையை நக்கிக்கொண்டே போகும். ஆனால் ஏர் ஷாக் அமுங்க அமுங்கத் தானே கெட்டிப்படும், ஸ்பிரிங் அப்படியில்லை. அந்த வேலையை, பின்சக்கரத்தையும் ஷாக்கையும் சேர்க்கும் ஃப்ரேமின் இணைப்புதான் செய்ய வேண்டும். என் ஃப்ரேம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே விகிதம், கடைசியில் கெட்டிப்படாது. 450 ஸ்பிரிங் (எண் கூடினால் ஸ்பிரிங் கெட்டி) போட்டால் ஒவ்வொரு குதிப்புக்கும் கடைசிவரை அமுங்கி 'டொம்'. 550 போட்டால் டொம் நின்றது, பல் ஆட ஆரம்பித்தது. நடுவில் 500, அது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். கடைசியில் பழைய ஏர் ஷாக்கையே மாட்டி, உள்ளே இரண்டு பிளாஸ்டிக் துண்டு போட்டுக் காற்று அறையைச் சுருக்கினேன். ஸ்பிரிங் ஷாக்கை விற்றது இன்னும் வலிக்கிறது, அது வேறு.

• • •

ஆரம்பித்தவன்தான் மறுபடி. எழுத மறந்தது ஒன்று: புது ஷாக் போட்ட பிறகும் எனக்கு 'டக் டக்' சத்தம் போகவில்லை. சீட்டைப் பிடித்து லேசாகத் தூக்கி, இன்னொரு கை விரலை ஷாக் கண்ணில் வைத்தால் ஆட்டம் தெரிந்தது. அந்தக் கண்ணுக்குள் இருக்கும் சின்ன உருளை, அதுதான் புஷ்ஷிங், பழையதையே எடுத்துப் போட்டிருந்தேன். ஷாக்கோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

சிங்கப்பூர் தம்பி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நானும் கேட்டுப் பார்த்தேன். என் பழைய ஷாக் கொட்டகையில்தான் கிடக்கிறது. நானும் அதைத் திறந்ததே இல்லை.