மறு: மறு: முன்னிருப்பா, இயல்பமைவா, கொடாநிலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் உரைத்திருத்தியின் (டெக்ஸ்ட் எடிட்டர்) 'அமைப்புகள்' சாளரத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி அனுப்பியாக வேண்டும். டீஃபால்ட் (பயனர் எதையும் மாற்றாதபோது இருக்கும் அமைப்பு), ஹைலைட் (திரையில் ஒரு பகுதியை எடுப்பாகக் காட்டுவது) இரண்டும்தான் பாக்கி. டீஃபால்ட்டுக்கு முன்னிருப்பு, இயல்பமைவு, கொடாநிலை என்று மூன்று சொற்களை முன்வைத்திருக்கிறீர்கள்.

> முன்னிருப்பு ஏற்கெனவே புழங்குகிறது. அதைக் கலைக்காதீர்கள்.

புழக்கத்தை மதிக்கிறேன் ஐயா. ஆனால் மளிகைக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் அதைத் திரையில் பார்த்துவிட்டு, "நேத்து மிச்சமாடா?" என்றார். இருப்பு என்றால் அவருக்குச் சரக்கும் கல்லாவும்தான்.

> நன்னூலில் இல்லாததா? மாற்றாமல் விட்டது இயல்பு. பயனர் மாற்றியது விகாரம்.

பொன்மலை இயல்பு, பொற்குடம் விகாரம். அமைப்பைச் சேர்த்தால் தோன்றல், மாற்றினால் திரிதல், நீக்கினால் கெடுதல் என்று நீங்கள் நீட்டிக்கொண்டு போனதை இரண்டு முறை படித்தேன். இயல்பை எடுத்துக்கொள்கிறேன். 'விகார அமைப்பு' என்று பொத்தானில் போட்டால் பிள்ளைகள் கோரம் என்றே படிப்பார்கள்.

> கொடாநிலைதான் சரி. பயனர் எதையும் கொடாத நிலை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

நானும் முதலில் இதை ஒதுக்கினேன். பிறகு ஆய்வகத்தில் ஒன்று நடந்தது. ஒரு மாணவி விம் என்ற உரைத்திருத்தியில் தனக்கென்று அமைப்புக் கோப்பு தொடங்கி, வரி எண் காட்டச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதினாள். மறுபடி திறந்தால் நிரலில் வண்ணமே இல்லை. "சார், நான் வண்ணத்தைத் தொடவே இல்லையே" என்றாள். 2016இல் வந்த விம் 8, சொந்தக் கோப்பு இல்லாதவருக்கு மட்டுமே நிரல் வண்ணம் முதலிய ஆயத்த அமைப்புகளை ஏற்றுகிறது. ஒன்றைக் கொடுத்ததும் மற்றவையும் போய்விடுகின்றன. அங்கே கொடாநிலை அச்சாகப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். நம் திருத்தியிலோ ஒன்றை மாற்றினால் மற்றவை அப்படியே இருக்கும். ஆகவே இங்கே இயல்பமைவு. பொத்தானில் 'இயல்பமைவுக்குத் திரும்பு'.

ஹைலைட்டுக்கு ஒரே சொல் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியைப் பாருங்கள். நிரலுக்கு வண்ணம் 22ஆம் பதிப்பில் (2007) இயல்பானது; தேர்ந்த பகுதியைக் காட்டுவது 23இல் (2009); அடைப்புக்குறியின் இணையைக் காட்டுவது 28இல் (2022). தேடிய சொல் எல்லா இடத்திலும் மிளிர்வதை, விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் இயல்பாக வைத்திருக்கிறது, விம் வைக்கவில்லை. தனித்தனியாக முடிவு செய்யும் அளவுக்கு இவை வேறு வேறு வேலைகள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியது என்பதற்காக நாமும் அடக்க வேண்டுமா? நிரல் வண்ணம், தேடல் மிளிர்வு, அடைப்பிணை காட்டு. இவை போதும். நிரல் வண்ணமும் அடைப்பிணையும் தொடக்கத்திலேயே இயங்கட்டும். தேடல் மிளிர்வு, தேடி முடித்ததும் அணையட்டும்.

> வண்ணம் வடமொழி. நிறம் என்க.

தொல்காப்பியச் செய்யுளியலில் 20 வண்ணங்கள் இருக்கின்றன அம்மா. அவை ஓசையைக் குறிப்பவை என்று உடனே பதில் போடுவீர்கள், தெரியும். 'நிரல் நிறம்' என்று வகுப்பில் ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். எது ர, எது ற என்று கடைசி வரிசைப் பையனுக்குக் கேட்காது.

இதுவரை இயல்பமைவுக்கு ஐந்து பேர், முன்னிருப்புக்கு மூன்று பேர். கொடாநிலைக்கு இருவர்; இறங்கி வருவதாக இல்லை. அவர்கள் சொல்லை மொழிபெயர்ப்புக் கோப்பில் டீஃபால்ட் வரும் வரிக்கு மேலே குறிப்பாக எழுதிவைத்திருக்கிறேன். அடுத்து யார் திறந்தாலும் கண்ணில் படும்.